ப்ரொஃபசரோட ஆராய்ச்சி லிஸ்டை எப்படிப் படிக்கிறது? கேள்வி பதில்

22 வருஷமா யுனிவர்சிட்டில ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், அதாவது திரவமும் வாயுவும் எப்படி ஓடுதுங்கிற பாடம், சொல்லிக் குடுக்குறேன், ஆராய்ச்சியும் அதுலதான், நடுவுல சில வருஷம் பிஹெச்டி சேர்க்கை கமிட்டியிலயும் இருந்தேன். பேராசிரியர்கள் பத்தி, அவங்க ஆராய்ச்சி, பாடம் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்வியும் என் பதிலும் இது.

கேள்வி (எம்எஸ்சி மாணவி): சார், ஒரு ப்ரொஃபசரோட வெப் பேஜ்ல ஆராய்ச்சின்னு ரத்த ஓட்டம், பெயிண்ட், எரிமலைக் குழம்புன்னு போட்டிருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே, இவர் உண்மையில எதுல எக்ஸ்பர்ட்?

சம்பந்தம் இருக்கும்மா, நல்லாவே இருக்கு. பெயிண்ட் டப்பால கெட்டியா நிக்குது, பிரஷ் வச்சு இழுத்தா இளகி ஓடுது, சுவத்துல பட்டு அசையாம நின்னதும் திரும்ப கெட்டியாகி வழியாம ஒட்டிக்குது. ரத்தமும் அப்படித்தான், மெதுவா போகும்போது சிவப்பணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கா நிக்கும், வேகமா போனா அந்த அடுக்கு கலைஞ்சு ரத்தம் இளகிடும். படிகமும் குமிழியும் கலந்த எரிமலைக் குழம்பு கூட இந்த மாதிரி நடந்துக்கும். அவருக்கு மூணு ஆர்வம் இல்ல, ஒரே கேள்விதான், தள்ளுனா இளகுற திரவம் எப்படி ஓடும்ங்கிறது. அந்தக் கேள்வியை அவர் பேஜ்ல எழுதல, அவ்வளவுதான்.

சிலரை இப்படி ஒரு கேள்வி இழுத்துட்டுப் போகும், சிலரை ஒரு கருவி. புள்ளியியல் ஆள் ஒருத்தர் இன்னைக்கு மருந்து சோதனை, நாளைக்கு பறவைக் கணக்கெடுப்புன்னு போவார், கையில இருக்கிற முறை ஒண்ணுதான். ஹெர்பர்ட் சைமனைப் பாருங்க, அரசியல் அறிவியல்ல பிஹெச்டி, 1975ல கம்ப்யூட்டர் துறையோட ட்யூரிங் விருது, 1978ல பொருளாதார நோபல், நடுவுல மனோதத்துவம் வேற. மேலோட்டமா பார்த்தா நாலு ஆள் மாதிரி தெரியும், ஆனா அரைகுறை தகவலும் கொஞ்ச நேரமும் மட்டும் இருக்கிற மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான்ங்கிற ஒண்ணைத்தான் அவர் கடைசி வரைக்கும் துரத்தினார்.

கேள்வி: அப்போ அடிக்கடி ஃபீல்ட் மாத்துற கைடு கிட்ட தைரியமா சேரலாமா?

அவர் மாறுறது தப்பே இல்ல, நீங்க எந்த நேரத்துல போய்ச் சேர்றீங்கங்கிறதுதான் விஷயம். வானியற்பியல் மேதை எஸ். சந்திரசேகர் நட்சத்திர அமைப்புல ஆரம்பிச்சார், அதுல 1939ல ஒரு புத்தகம் எழுதி முடிச்சிட்டு நட்சத்திரக் கூட்டங்களோட இயக்கத்துக்குப் போனார், அப்புறம் ஒளிக்கதிர் பரவுறது, அதுக்கு 1950ல புத்தகம், அப்புறம் திரவங்களோட நிலைத்தன்மை, 1961ல புத்தகம், பின்னாடி 1983ல கருந்துளைக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணையும் முழுசா முடிச்சு எழுதி வச்சிட்டுதான் அடுத்ததுக்குப் போனார். அவர் எழுதின திரவப் புத்தகம் இன்னைக்கும் என் மேஜை மேல இருக்கு.

ஆனா எல்லாரும் அப்படி முடிச்சுட்டுப் போறதில்ல. நானே ஒரு தடவை தப்பு பண்ணியிருக்கேன். என்னோட ரெண்டாவது பிஹெச்டி மாணவர் பழைய தலைப்புல பாதி வேலை முடிச்சிருந்தார், அந்த நேரம் பார்த்து நான் புது தலைப்புக்குத் தாவிட்டேன். வாராவாரம் அவரோட ரிசல்ட்டைப் பார்த்தேன், ஆனா அந்த ஏரியால புதுசா எதையும் நான் படிக்கல. வேற குரூப் ஒண்ணு அதே வேலையை முந்தி வெளியிட்டது எனக்குத் தெரியாமப் போச்சு, அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல வீணாச்சு. இன்னைக்கும் அது எனக்கு உறுத்துது. அதனால சேர்றதுக்கு முன்னாடி நேராவே கேளுங்க: "சார், அடுத்த நாலு வருஷமும் இதே ஏரியால இருப்பீங்களா?" இதைக் கேட்டா நல்ல கைடு யாரும் கோவிச்சுக்க மாட்டார்.

கேள்வி: பேஜ்ல இருக்கிறது பழசா புதுசான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த லிஸ்டை பெரும்பாலும் வேலைல சேர்ந்த அன்னைக்கு எழுதுறதுதான், அப்புறம் யாரும் தொடுறதில்ல. கடைசி மூணு வருஷ பேப்பரைப் பாருங்க, அதைவிட முக்கியமா சமீபத்துல அவர் கிட்ட முடிச்ச மாணவர்களோட தீசிஸ் தலைப்பைப் பாருங்க. பேப்பர்ல எழுதினவங்க பேரு வர்ற வரிசையும் நிறைய சொல்லும். உயிரியல் பக்கம் கடைசிப் பேரு பொதுவா லேப் தலைவரோடது, முதல் பேரு வேலையைக் கையால செஞ்சவரோடது, அந்த முதல் இடத்துல மாணவர் பேரு அடிக்கடி வருதுன்னா நல்ல லேப்னு நம்பலாம். கணிதத்துல இந்தக் கணக்கு செல்லாது, அங்க அகர வரிசைதான்.

கேள்வி: ஹெச்-இண்டெக்ஸ் அதிகமா இருக்கிறவரை எடுக்கலாமா?

வேண்டாம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் சொன்ன கணக்கு அது. ஒருத்தருக்கு 20 பேப்பர் இருந்து ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 20 வேற பேப்பர்லயாவது மேற்கோள் காட்டியிருந்தா 20, அவ்வளவுதான். வயசு ஆக ஆக அது ஏறும், இறங்கவே இறங்காது. கணித ஆளையும் மருத்துவ ஆளையும் இதை வச்சு ஒப்பிடவே கூடாது, மேற்கோள் காட்டுற பழக்கமே ரெண்டு இடத்துலயும் வேற வேற. மாணவரை எப்படி நடத்துவார்னு இதுல ஒரு துளி கூடத் தெரியாது.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): பாடம் எடுக்கிறதுலயே நேரம் போயிடுது, ஆராய்ச்சி கெட்டுப்போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்களே சார்?

நேரம் போகுது, அது நிஜம். வாரத்துக்கு நாலு வேற வேற பாடம் எடுக்கிற ஆளைப் பார்த்து நீ ஏன் ஆராய்ச்சி பண்ணலன்னு கேட்கிறது அநியாயம். ஆனா பாடம்னா ஆராய்ச்சிக்கு எதிரின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 1858ல டெடகிண்ட்னு ஒரு ஜெர்மன் கணித ஆள் சூரிச்ல முதல் தடவையா கால்குலஸ் பாடம் எடுக்கிறார், ஏறிக்கிட்டே போற ஒரு அளவு ஒரு எல்லைக்குள்ள அடங்கியிருந்தா அது ஏதோ ஒரு எண்ணை நெருங்கித்தான் ஆகணும்னு பசங்களுக்கு சொல்லணும், படம் போட்டுக் காட்டலாம், ஆனா கறாரா நிரூபிக்க முடியல. கரும்பலகை முன்னாடி நின்னப்போ அது அவரை உறுத்தியிருக்கு. அந்த உறுத்தல்லதான் மெய்யெண்கள்னா என்னங்கிறதுக்கே அவர் ஒரு வரையறை கண்டுபிடிச்சார், 1872ல வெளியிட்டார். ரஷ்ய வேதியியல் ஆள் மெண்டலீவ் கதையும் இதே போலத்தான், மாணவர்களுக்கு வேதியியல் புத்தகம் எழுதும்போது தனிமங்களை எந்த வரிசைல சொல்றதுன்னு யோசிச்சார், 1869ல தனிம அட்டவணை வந்துச்சு.

பசங்க வழக்கமா எங்க முழிக்கிறாங்களோ அந்த இடத்தைக் குறிச்சு வைங்க. என்னோட ரெண்டு பேப்பர் அப்படி வந்ததுதான்.

கேள்வி: புதுசா சேர்ந்த அசிஸ்டென்ட் ப்ரொஃபசரா, சீனியரா?

புதுசா வந்தவர் உங்க கூடவே லேப்ல நிப்பார், சீனியருக்கு ஆட்களைத் தெரியும். தினம் பக்கத்துல ஒருத்தர் இருந்தாத்தான் வேலை ஓடும்னா முதலாமவர் கிட்ட போங்க.

கேள்வி: மெயில் போட்டா பதிலே வர்றதில்லையே சார்?

"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது"ன்னு வர்ற மெயில் எல்லாருக்கும் போனதுன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும். எனக்கு ஒரு தடவை உள்ள வேற ஒருத்தர் பேரோடயே வந்துச்சு. அதே வாரம் ஒரு பொண்ணு ஆறே வரி எழுதியிருந்துச்சு: உங்க பேப்பர்ல நாலாவது படத்துல குறைஞ்ச வேகத்துல ரெண்டு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிக்குது, அது அளவுப் பிழையா இல்ல நிஜமாவே அங்க ஏதோ நடக்குதான்னு. நாங்க அந்த ரெண்டு புள்ளியைப் பிழைன்னு விட்டிருந்தோம். அன்னைக்கு ராத்திரியே பதில் போட்டேன், அந்தப் பொண்ணோட பிஹெச்டியே அந்த ரெண்டு புள்ளி பத்திதான் ஆச்சு.

கேள்வி (இளம் விரிவுரையாளர்): எனக்குப் பிடிச்ச தலைப்புக்கு நிதி கிடைக்கல, டிபார்ட்மென்ட்ல மாத்தச் சொல்றாங்க. என்ன பண்ண?

உயிர்வேதியியல் விஞ்ஞானி காரிக்கோ மேடம் எம்ஆர்என்ஏவை (பின்னாடி கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான மூலக்கூறு) விடாமப் பிடிச்சிட்டு இருந்தாங்க, நிதி கிடைக்கல, 1995ல பதவி இறக்கம் வரைக்கும் போச்சு, 2023ல நோபல் வந்துச்சு. இதைச் சொல்லி உங்களையும் அப்படி இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, பிடிவாதமா இருந்து வேலையை விட்டுப் போனவங்க பேரு நமக்குத் தெரியாது. கணித ஆள் ஆண்ட்ரூ வைல்ஸ் வழி கொஞ்சம் பாதுகாப்பு. பல நூறு வருஷமா யாராலயும் நிரூபிக்க முடியாத ஃபெர்மா தேற்றத்துல ஏழு வருஷம் ரகசியமா வேலை பார்த்தப்போ ஏற்கனவே முடிச்சு வச்சிருந்த வேற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியிட்டுக்கிட்டே இருந்தார். நிதி வர்ற தலைப்பு ஒண்ணை நேர்மையா செய்யுங்க, வாரத்துல ஒரு நாளை உங்களோடதுக்குன்னு யாருக்கும் விட்டுக்குடுக்காம வச்சுக்கோங்க.

கேள்வி: தமிழ், வரலாறு மாதிரி துறைகளுக்கும் இதே வழிதானா?

அங்க பேப்பர் எண்ணிக்கையை விடுங்க, புத்தகத்தையும் அவர் எடுக்கிற பாடத்தையும் பாருங்க. ஏ.கே. ராமானுஜன் சிகாகோல மொழியியல் ஆளு, ஆனா சங்கப் பாட்டை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தார், நாட்டுப்புறக் கதை சேகரிச்சார், கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் கவிதை எழுதினார். இப்படிப்பட்டவரை ஒரு லிஸ்டை வச்சுப் புரிஞ்சுக்க முடியாது. அனுமதி கேட்டு ஒரு வகுப்புல போய் பின் பெஞ்சுல உட்காருங்க. மாணவர் ஒருத்தர் எதிர்க்கேள்வி கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க, சந்தோஷமா திரும்புறாரா, இல்ல நேரம் ஆகுதுன்னு தள்ளிப்போடுறாரா. நான் கைடு தேடினப்போ இதை வச்சுதான் முடிவு பண்ணேன்.