சிறுநீரில் குளோர்பைரிபாஸ் இல்லையென்றால் மருந்து உடம்பில் ஏறவில்லையா?

குடியாத்தம் பக்கம் மல்லாட்டைக்குக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து தெளித்த ஒருவரின் சிறுநீரில் அந்த மருந்தே தெரியவில்லை, அப்படியானால் ஏறவில்லையா என்பது கேள்வி. அப்படிச் சொல்ல முடியாது. தேடியதே தவறான மூலக்கூறு.

கல்லீரலில் சைட்டோகுரோம் நொதிகள் இந்த மருந்திலுள்ள கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கின்றன; மூலக்கூறு எடை 16 குறையும். இப்படி உருவாகும் ஆக்சான்தான் நரம்பைத் தாக்கும் நஞ்சு. அது உடைந்து டிரைகுளோரோபிரிடினாலாகி, பெரும்பாலும் ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டுண்டு குளுக்குரோனைடாக (எடை 176 கூடி) சிறுநீரில் போகும். பாதியளவு வெளியேற ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகும். அதனால் தெளித்து ஒரு வாரம் கழித்து மாதிரி எடுப்பதில் பெரிய பயனில்லை.

ஆய்வகத்தில் 1 மி.லி. சிறுநீரில், ஒப்பிட்டு அளக்க, கார்பன்-13 பதித்த டிரைகுளோரோபிரிடினாலைச் சேர்த்து, அமிலத்தன்மையை பிஹெச் 5 அருகே வைத்து, அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியான பீட்டா குளுக்குரோனிடேஸுடன் 37 டிகிரியில் இரவு முழுக்க விடுவார்கள். இதைத் தவிர்த்தால் கட்டுண்ட பகுதி கணக்கில் வராது, அளவு குறைந்து காட்டும்.

பிறகு மூலக்கூறு எடையை அளக்கும் நிறைமாலைமானியில், எதிர்மின் அயனி முறையில், டிரைகுளோரோபிரிடினாலுக்கு 196, 198, 200 என மூன்று சிகரங்கள் சுமார் 100:96:31 விகிதத்தில் வரும். மூன்று குளோரினின் கையெழுத்து அது. விகிதம் பிசகினால் வேறேதோ கலந்திருக்கிறது. தொல்லை என்னவென்றால், இந்த அயனி லேசில் உடையாது. உடைந்தாலும் 35 எடையுள்ள குளோரைடுதான் மிச்சம்; அது இந்தப் பொருளுக்கே உரிய அடையாளமல்ல. ஆகவே கார்பன்-13 பொருள் கருவியின் பிரிப்புக் குழாயிலிருந்து வெளிவரும் அதே நேரத்தில் இதுவும் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று: காய்கறியில் மிஞ்சிய மருந்தும் இதே பொருளாகச் சிதைந்திருக்கும், டிரைகுளோபிர் களைக்கொல்லியும் இதையே தரும். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதைச் சரிக்கட்டக் கிரியாட்டினினால் வகுத்த அளவோடு, இந்த நஞ்சு முடக்கும் நொதியான ரத்தக் கோலினெஸ்டரேஸையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.