இயேசு நாமத்துல மறுபடி ஞானஸ்நானம் எடுத்தாதான் கல்யாணமா?

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு ஆளா இருக்கிற ஒரே கடவுள்ங்கிற நம்பிக்கை) பொய்னு சொல்றாங்க, இயேசு நாமத்துல மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாதான் கல்யாணம்ங்கிறாங்க, எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. கல்யாணத்துக்காக எடுக்காதீங்க. உங்களுக்கே அதுதான் சரின்னு பட்டா எடுங்க, அது வேற விஷயம். நான் பாஸ்டர் கிடையாது, வேதாகமக் கல்லூரி பக்கமும் போனதில்ல, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விக்கிறவன், ஆனா இதே பிரச்சினை எங்க வீட்டு ஹால்ல நடந்தது, அதனாலதான் எழுதுறேன்.

அவங்க எந்த சபைன்னு நீங்க சொல்லல. "இயேசு நாமத்துல"ன்னு சொல்றத பாத்தா ஒன்னஸ் பெந்தெகொஸ்தேவாதான் இருக்கும். எங்க ஊர்ல திரித்துவம் இல்லன்னு யாரு சொன்னாலும் உடனே "யெகோவா சாட்சி"ன்னு முத்திரை குத்திருவாங்க. ரெண்டும் வேற வேற. சாட்சிகள் சொல்றது, இயேசு பிதாவால படைக்கப்பட்டவர், பிதாவுக்கு கீழன்னு. ஒன்னஸ்காரங்க சொல்றது, இயேசுதான் பிதாவே, தனித்தனியா மூணு பேர் கிடையாதுன்னு. நேர் எதிர். பழைய காலத்துலயும் இதே ரெண்டு கட்சி உண்டு, மொதல்ல சொன்னதுக்கு கிட்டத்துல ஆரியுஸ்ங்கிற போதகர், ரெண்டாவதுக்கு சபெல்லியுஸ்ங்கிற போதகர். ஆனா இப்ப இருக்கிற ஒன்னஸ் இயக்கம் 1913ல கலிபோர்னியால நடந்த ஒரு முகாம் கூட்டத்துல கிளம்பினது, 1916ல அசெம்ப்ளீஸ் ஆப் காட்ங்கிற பெந்தெகொஸ்தே சபை திரித்துவம்தான்னு முடிவு எடுத்ததும் பிரிஞ்சு போனாங்க.

(சாட்சிகள மட்டமா பேசுறேன்னு யாரும் கிளம்பி வராதீங்க. அவங்க இயக்கத்த தொடங்குன ரசல் 1912லயே திருவனந்தபுரம் வந்து பேசிட்டு போயிருக்காரு, நெய்யாற்றின்கரை பக்கம் ரசல்புரம்னு ஊரே இருக்கு. தேசிய கீதம் பாடாததுக்கு அவங்க பிள்ளைகள கேரளால பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பினப்ப, 1986ல சுப்ரீம் கோர்ட் பிள்ளைங்க பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு, அது சரியான தீர்ப்புன்னுதான் நானும் சொல்வேன்.)

இப்ப எங்க கதை. தங்கச்சிக்கு கேரளா எல்லைக்கு அந்தப்பக்கம் பாறசாலைல மாப்பிள்ளை. நிச்சயம் முடிஞ்சு சர்ச்ல மொத ஓலையும் (கல்யாண அறிவிப்பு) வாசிச்சாச்சு. அப்புறம்தான் மாப்பிள்ளைக்க மாமா ஒருத்தரு பேச வரணும்னு போன் பண்ணுனாரு, அவங்க ஒன்னஸ் சபைல பெரிய ஆளு. பாறசாலைல இருந்து எங்க வீட்டுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது, அன்னைக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தாரு, எல்லாம் அந்த டிப்பர் லாரி. எங்க மலையெல்லாம் உடைச்சு களியக்காவிளை வழியா ராப்பகலா கேரளாவுக்கு கல்லும் எம்சாண்டும் போகுது, ரோடு போச்சு, தூசுல எங்க அம்மாவுக்கு இருமல் நிக்க மாட்டேங்குது, திரும்பி வர்ற வண்டில கோழிக்கழிவு கொண்டு வந்து இங்க கொட்டுறான். இத கேக்க ஒரு நாதி இல்ல, ஆனா கடவுள் ஒண்ணா மூணான்னு பேச எல்லாருக்கும் நேரம் இருக்கு. சரி விடுங்க.

வந்தவரு காப்பி கூட குடிக்கல. "அப்போஸ்தலர் 2:38 வாசிங்க, அப்போஸ்தலர் யாருமே பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லி குடுக்கல, இயேசு நாமத்துலதான் குடுத்தாங்க"ன்னு ஆரம்பிச்சாரு. எங்க பாஸ்டரும் இருந்தாரு. அவரு, பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்துல குடுங்கன்னு இயேசுவே சொல்ற மத்தேயு 28:19 சொன்னாரு, அது நியாயமான பதில். அதோட நிறுத்திருக்கலாம். அடுத்து சண்டே ஸ்கூல்ல சொல்ற மாதிரி, தண்ணி ஐஸ் ஆவி மூணும் ஒண்ணுதான, அது மாதிரிதான்னு விளக்குனாரு. மாமா சிரிச்சுட்டாரு. "இதத்தான ஐயா நாங்களும் சொல்றோம், ஒரே ஆளு மூணு ரூபத்துல வந்தாரு"ன்னு. உண்மையிலேயே அந்த உதாரணம் அவங்க கொள்கைதான், திரித்துவம் கிடையாது. தலைமுறை தலைமுறையா பிள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்லிக் குடுக்கோம்!

பாஸ்டருக்கு மூஞ்சி மாறிச்சு. உடனே 1 யோவான் 5:7 எடுத்து, "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்"னு சத்தமா வாசிச்சாரு. மாமா பையில இருந்து மலையாள பைபிள எடுத்தாரு. அதுல அந்த வசனமே இல்ல. ஆவி, ஜலம், இரத்தம் மட்டும்தான் இருக்கு. "எனக்க பைபிள்ல இல்லியே, நீங்க சேத்ததா?"ன்னு அவரு, "நீங்கதான் எடுத்துட்டீங்க"ன்னு எங்க பெரியப்பா, ஒரே கூச்சல். பக்கத்து பக்கத்து ஊரு, நடுவுல ஒரு செக்போஸ்ட், அதுக்கு அந்தப்பக்கம் இல்லாத வசனம் இந்தப்பக்கம் இருக்கு.

அப்ப நான்தான் பேசினேன். அந்த வசனத்த பழைய கிரேக்க கையெழுத்துப் பிரதிகள்ல பாக்க முடியாது, லத்தீன் வழியா வந்தது, எராஸ்மஸ்ங்கிற அறிஞர் அச்சடிச்ச கிரேக்க புதிய ஏற்பாட்டோட 1516 பதிப்புல கூட கிடையாது, எதிர்ப்பு வந்தப்புறம் 1522ல சேத்தாரு, நம்ம பழைய தமிழ் பைபிள்ல அந்த வழில வந்துச்சு, கத்தோலிக்கரோட திருவிவிலியத்துல பாருங்க அதுலயும் இல்லன்னு சொன்னேன். பெரியப்பா என்ன எதிரி மாதிரி பாத்தாரு. நான் திரித்துவத்த நம்புறவன்தான், அதனாலதான் சொன்னேன், இல்லாத தூண்ல போய் ஏன் சாயணும்?

அப்புறம் மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். யோர்தான்ல குமாரன் தண்ணில நிக்காரு, ஆவி புறா மாதிரி இறங்குது, வானத்துல இருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்"னு சத்தம் வருது, ஒரே ஆள்னா யாரு யாரப் பாத்து பேசினா? பிடிபடுறதுக்கு முன்னாடி கெத்செமனே தோட்டத்துல யார்கிட்ட ஜெபம் பண்ணுனாரு? அவரு ஏதோ மாம்சம், தெய்வத்துவம்னு நீளமா சொன்னாரு, எனக்கு திருப்தி இல்ல. உடனே அடுத்த ஆயுதம், "திரித்துவமெல்லாம் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் உண்டாக்கினது". இத நீங்களும் கண்டிப்பா கேப்பீங்க. 325ல நிசேயா சங்கத்த (பிஷப்மார் கூடிப் பேசின பெரிய கூட்டம்) கூட்டினது அவருதான், ஆனா பின்னாடி திரித்துவத்துக்காக நின்ன பிஷப் அத்தனாசியுஸ நாடு கடத்தினதும் அவரேதான், சாகுற நேரத்துல கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் குடுத்தது ஆரியுஸ் பக்கம் நின்ன பிஷப். தன்னோட சொந்த கண்டுபிடிப்புக்கு யாராவது இப்படி பண்ணுவாங்களா? ஆவியானவர் பத்தின பகுதிய விசுவாசப் பிரமாணத்துல (சபை என்ன நம்புதுன்னு சொல்ற அறிக்கை) விரிவா சேத்தது 381ல, அப்ப கான்ஸ்டன்டைன் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

இவ்ளோ பேசியும் மாமா மாறல, நாங்களும் மாறல. இதுல யாரும் வாதத்துல தோத்து கட்சி மாறுறதில்ல. முடிச்சு வச்சது தங்கச்சிதான். அடுப்பாங்கரைல இருந்து வந்து "நான் எடுத்த ஞானஸ்நானம் போதும், வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, மண்டபத்துக்கு குடுத்த அட்வான்ஸ் மட்டும்தான் போகும்"னு சொன்னா. மாப்பிள்ளை அன்னைக்கு ராத்திரியே போன்ல, எனக்கு அது பிரச்சினை இல்லன்னுட்டாரு. மாமா கல்யாணத்துக்கு வரல. பிரியாணி மிஞ்சிச்சு.

அதனால நீங்க அந்தப் பையன்கிட்ட நேரடியா பேசுங்க, மாமாக்கள விட்டுட்டு. அவருக்கே அந்த நம்பிக்கை ஆழமா இருந்தா, அது அவரோட மனசாட்சி, நீங்க பொய்யா முங்கி எந்திரிச்சு அவர ஏமாத்தக் கூடாது. இன்னொண்ணு, பொறக்கப் போற பிள்ளைக்கு என்னன்னு இப்பவே கேட்டு வைங்க. எங்க வீட்ல அந்தப் பேச்சே வரல. இப்ப தங்கச்சி மகன் நடக்க ஆரம்பிச்சாச்சு, கைக்குழந்தையிலயே ஞானஸ்நானம் குடுத்திருக்கணும்னு எங்க அம்மா, வளந்து தானா எடுக்கட்டும்னு மாப்பிள்ளையோட அம்மா, அதுவும் இயேசு நாமத்துல. ரெண்டு பேரும் மாறி மாறி தங்கச்சிக்கு போன் போடுறாங்க, அவ எடுக்கிறதில்ல.