சீக்கிரம் விடை சொல்லும் நண்பர்

அன்புள்ள சார்,

நாங்கள் ஐந்து நண்பர்கள். வாரக் கடைசியில் வீடியோ காலில் கூடி ஒருவருக்கொருவர் புதிர் போடுவது வழக்கம். விடுகதையில் தொடங்கி இப்போது தர்க்கப் புதிர்கள் வரை வந்துவிட்டோம். இரண்டு சிக்கல். எங்களில் ஒருவன் படுவேகம். மற்றவர்கள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதோடு ஆட்டம் முடிந்தது. இன்னொன்று அந்த மூன்று கதவுப் புதிர்: ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. போட்டியாளர் ஒரு கதவைச் சொன்னதும் நிகழ்ச்சித் தொகுப்பாளர் வேறொரு கதவைத் திறக்கிறார், அங்கே ஆடு. இப்போது திறக்காத மற்ற கதவுக்கு மாறலாமா என்பதுதான் கேள்வி. கதவை மாற்றினால்தான் லாபம் என்று ஒருவன், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்று இன்னொருவன். பேச்சு தடித்து இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. புதிரே தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்தானோ? முடிந்தால் எங்கள் வேகக்காரனையும் திணறடிக்கிற மாதிரி ஒரு புதிர் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தனியாக யோசிக்கலாம், தப்பில்லை. ஆனால் சில புதிர்களைக் கூட்டமாக உட்கார்ந்தால்தான் விடுவிக்க முடிகிறது என்பதற்குச் சோதனையே இருக்கிறது. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் உருவாக்கிய நான்கு அட்டைப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேசையில் தெரிவது அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? பெரும்பாலானவர்கள் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. நாலுக்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது, ஏழுக்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்துவிட்டால் உடைந்துவிடும்.

1998இல் மோஷ்மன், கெய்ல் என்ற இருவர் இதையே கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக யோசித்தவர்களில் சரியாகச் சொன்னவர்கள் 9 சதவீதம். ஐந்தாறு பேராகச் சேர்ந்து பேசிய குழுக்களில் 75 சதவீதம். குழுவில் ஒரு புத்திசாலி இருந்து மற்றவர்கள் தலையாட்டினார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் தனித்தனியாகக் கேட்டபோது ஒருவர்கூடச் சரியாகச் சொல்லாத சில குழுக்களும் பேசிப் பேசிச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தன. ‘நாலை எதுக்குத் திருப்பணும்?’ என்று யாரோ ஒருவர் கேட்கிறார், திருப்பச் சொன்னவர் காரணம் சொல்லப் போய் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். விடை அப்படித்தான் வெளியே வருகிறது. உங்கள் நண்பர் சீக்கிரம் விடை சொல்லும்போது பறிபோவது இந்தக் கேள்விதான்.

அதனால் அவரை நிறுத்த வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள். எல்லோரும் முதலில் ஆளுக்கொரு தாளில் விடையை எழுதிவைத்துக்கொள்ளட்டும், யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் பேச்சு. அவர் கடைசியில்தான் பேச வேண்டும், அதுவரை மற்றவர்கள் சொல்வதில் எங்கே ஓட்டை என்று காட்டலாமே தவிர விடையைச் சொல்லக் கூடாது. இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மழை நாளில் மட்டும் லிஃப்டில் தன் மாடிவரைக்கும் போகிற குள்ள மனிதர் (மற்ற நாளில் அவருக்கு மேல் பட்டன் எட்டாது, மழை நாளில் குடையால் அழுத்துவார்) போன்ற புதிர்களில் வேகம் என்பது பாதிக்கு மேல் ஞாபகசக்திதான். அந்த வகையை நீங்கள் விட்டுவிட்டாலே அவருடைய வேகம் கொஞ்சம் குறையும்.

எழுதிவைக்கச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. கூட்டம் சில நேரம் மிகச் சுலபமாக ஒத்துப்போய்விடும். இரவில் பாலம் கடக்கும் நான்கு பேர் புதிர் தெரியும்தானே? ஒரே டார்ச், ஒரு நேரத்தில் இருவர்தான் போகலாம், தனித்தனியாகக் கடக்க அவர்களுக்கு ஆகும் நேரம் 1, 2, 5, 10 நிமிடம், சேர்ந்து போனால் மெதுவானவரின் வேகம். வேகமானவரே ஒவ்வொருவரையும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால் 19 நிமிடம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான் என்பதால் யாரும் யாரையும் மறுப்பதில்லை. உண்மையில் 17இல் முடிக்கலாம். 1, 2 முதலில் போக வேண்டும், 1 திரும்ப வேண்டும், 5ம் 10ம் சேர்ந்து போக வேண்டும், அக்கரையில் நிற்கும் 2 டார்ச்சைக் கொண்டுவந்து 1ஐ அழைத்துப்போக வேண்டும். தாளில் ஒரே ஒருவர் 17 என்று எழுதியிருந்தாலும் அவரைப் பேசவைக்க முடியும். வாயால் சொல்லும் கூட்டத்தில் அவர் நால்வரைப் பார்த்துவிட்டு, சரி 19தான் போல என்று அடங்கிவிடுவார்.

மூன்று கதவு விவகாரத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் நண்பர்கள் சண்டை போட்டது பெரிய விஷயமே இல்லை. 1990இல் மரிலின் வாஸ் சவான்ட் தன் பத்திரிகைப் பத்தியில் மாற்றுவதுதான் லாபம் என்று எழுதியபோது சுமார் 10,000 கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் அவர் சொன்னது தப்பு என்று, அதில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் ஏராளம். பால் எர்டாஷ் மாதிரி ஒரு கணித மேதையே கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். உங்கள் இருவரையும் உட்காரவைத்து நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: கார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று தொகுப்பாளருக்குத் தெரியுமா? அவர் தெரிந்தே, போட்டியாளர் தொடாத இரண்டில் ஆடு இருக்கும் கதவாகப் பார்த்துத் திறக்கிறார் என்றால், மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவருக்கும் தெரியாது, குத்துமதிப்பாகத் திறந்ததில் தற்செயலாக ஆடு வந்தது என்றால் பாதிக்குப் பாதி. ஆக இருவருமே சரியாக இருந்திருக்கலாம், இரண்டு வெவ்வேறு புதிர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். புதிர்ச் சண்டைகளில் பாதி இப்படிப்பட்டவைதான். சத்தம் கூடினால் விடையை விட்டுவிட்டுக் கேள்வியை மறுபடி ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அப்படியும் தீரவில்லையா, மூன்று சீட்டுகளை எடுத்து ஐம்பது தடவை விளையாடிக் கணக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேட்ட புதிர். பார்வைக்கு ஒரே மாதிரி 12 நாணயங்கள். ஒன்று மட்டும் எடையில் மாறுபட்டது, கூடவா குறைவா என்று தெரியாது. இரண்டு தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது, எடைக்கற்கள் கிடையாது. மூன்றே முறை நிறுத்து அது எந்த நாணயம், கூடவா குறைவா என்று சொல்ல வேண்டும். இருக்கக்கூடிய சாத்தியங்கள் 24, மூன்று நிறுத்தலில் தராசு காட்டக்கூடிய விடைகள் 27, எண்ணிக்கை இடிக்கவில்லை, முடியவும் முடியும், ஆனால் வீணடிக்க அதிக இடமில்லை. எடுத்தவுடன் ஆறுக்கு ஆறு வைக்காதீர்கள். அப்படி வைத்தால் தராசு கட்டாயம் ஒரு பக்கம் சாயும், கையில் 12 சாத்தியங்கள் மிஞ்சும், மீதி இரண்டு நிறுத்தலால் 9ஐத்தான் பிரிக்க முடியும். உங்கள் வேகக்காரருக்கும் இதற்குத் தாள் பேனா தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

விடையை எனக்கு அனுப்புவதானால், கண்டுபிடித்தவர் எழுத வேண்டாம், வேறொருவர் எழுதட்டும்.