வாசகர் கேள்வி – பதில்: வட்டுவாகலுக்குப் பிறகு

கேள்வி: 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, புனலூர்ப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. இலங்கையிலேயே தங்கிவிட்ட என் தாய்மாமன் 1977 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சிக்குப் போய்ப் பயிர் செய்தார். போர் முடிந்த 2009 மே மாதம் தம் மகனை முல்லைத்தீவுப் பக்கத்து வட்டுவாகலில் ராணுவத்திடம் ஒப்படைத்ததாக மாமி சொல்கிறார். அதன் பின் எந்தத் தகவலும் இல்லை. “போரென்றால் சாவு இருக்கத்தான் செய்யும், விட்டுவிடுங்கள்” என்கிறார்கள் இங்குள்ளவர்கள். இனி யாரிடம் கேட்பது?
— வாசகி, குளத்துப்புழை

பதில்: விட்டுவிட வேண்டியதில்லை, அம்மா. சண்டை நடந்த இடத்தில் குண்டுபட்டு இறந்தவரின் கதை வேறு. தாயின் கண்முன்னே உயிரோடு கையேற்கப்பட்டவரின் கதை வேறு. கையேற்றவர் யாரோ அவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வலிந்து காணாமலாக்குதலுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, காணாமற்போனவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியவரும் வரை அந்தக் குற்றம் தொடர்ந்துகொண்டே இருப்பதாகக் கருதப்படும். அதனால் இத்தனை ஆண்டுகள் கடந்தும் உங்கள் மாமியின் கேள்வி காலாவதியாகிவிடவில்லை.

இலங்கை அரசின் காணாமற்போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 2018இல் பணியைத் தொடங்கியது. அங்கே மனு கொடுக்கலாம். ஆனால், 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மார்களில் பலர் அந்த அலுவலகத்தை நம்பவில்லை என்பதையும், அவர்களுடைய அவநம்பிக்கை நியாயமானது என்றே நான் கருதுவதையும் மறைக்க விரும்பவில்லை. எனவே அதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஐ.நா.வின் காணாமலாக்கப்பட்டோருக்கான பணிக்குழுவுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதுங்கள். ஒப்படைத்த நாள், இடம், உடனிருந்து பார்த்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை மாமி சொல்லச் சொல்ல இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயதான தாய்மார்கள் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அவர்களுடைய சாட்சியமும் அவர்களோடு போய்விட்டது.

உங்கள் மாமன் குடும்பத்தைப் போன்றவர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். குடியுரிமை பறிக்கப்பட்டு, தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, பாதுகாப்பைத் தேடி வன்னிக்கு (கிளிநொச்சியும் அதைச் சூழ்ந்த வடபகுதியும்) போன மலையக மக்களைத்தான் கடைசிப் போர் மூன்றாம் முறையாகப் பிடுங்கி எறிந்தது. 2009 பிப்ரவரியில் வன்னியில் சுமார் 70,000 பொதுமக்களே இருப்பதாக அரசு சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ 2,80,000 பேர் அளவில் இருந்தார்கள். ஆளைக் குறைத்துக் காட்டியதால் உணவும் மருந்தும் குறைந்தன. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களிலும் புதுக்குடியிருப்பு மருத்துவமனையிலும் எறிகணைகள் விழுந்தன. இவற்றையெல்லாம் ‘போரின் இயல்பு’ என்று ஏற்க என்னால் முடியாது.

கேள்வி: புலிகளும் பொதுமக்களைத் துன்புறுத்தினார்களே? அதைப் பேசினால் அரசின் குற்றத்தைக் குறைத்துக் காட்டுவது போலாகிவிடாதா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: ஆகாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு, உள்நாட்டுப் போரில் அரசையும் ஆயுதக் குழுவையும் ஒரேபோலக் கட்டுப்படுத்துகிறது; ஒருவர் மீறியதால் மற்றவருக்கு விலக்குக் கிடைப்பதில்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, அரசுப் படையின் எறிகணை வீச்சைச் சொன்ன அதே கையோடு, புலிகள் மக்களைக் கேடயமாக்கியதையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் பதிவு செய்தது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்துப் புலிகள் விரட்டியபோது, விரட்டப்பட்டவர்களும் நம் மொழி பேசியவர்களே. அவர்களில் பல குடும்பங்கள் புத்தளத்திலேயே தங்கிவிட்டன. இழந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் அவர்கள் கேட்கும் நியாயமும், குளத்துப்புழை வாசகியின் மாமி கேட்கும் பதிலும் ஒரே சட்டத்தின்கீழ் வருபவை.