மலேரியாவில் இன்னும் என்ன மிச்சம்?

அன்புள்ள ஐயா,

திருச்சியில் விலங்கியல் முதுகலை முடித்திருக்கிறேன். வெளிமாநிலத்தில் ஒரு மலேரியா ஆய்வகத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. "அதையெல்லாம் ரொனால்ட் ராஸ் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டாரே, நீ போய் என்ன செய்யப்போகிறாய்?" என்கிறார் அப்பா. புற்றுநோய் ஆய்வுக்குப் போனால் வேலை நிச்சயம் என்கிறார்கள் சீனியர்கள். ஒரே ஒட்டுண்ணியின் பின்னால் வாழ்நாள் முழுக்க ஓடி, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் போனால்? அறிவியலாளர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

அப்பாவுக்குப் பதில் சொல்வது சுலபம். ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் பார்த்தது கொசுவின் வயிற்றில் இருந்த ஒட்டுண்ணியை. கொசு கடித்தபின் அது நேராக ரத்தத்தில் பெருகுவதில்லை, முதலில் ஈரலில் ஒளிந்து வளர்கிறது என்பது தெரியவே இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று. 2022-ல்கூட உலகில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் மலேரியாவில் இறந்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

உங்கள் கேள்விதான் கஷ்டமானது. அதற்கு ரூத் நுசென்ஸ்வைக் என்ற மலேரியா ஆய்வாளரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். 1928-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள். நாஜிகளுக்குத் தப்பி 1939-ல் பிரேசில் போனார்கள். சாவோ பாலோவில் மருத்துவம் படிக்கும்போதே உடன் படித்த விக்டருடன் சேர்ந்து ஆய்வு செய்தார், பிறகு அவரையே மணந்தார். அந்த ஆய்வு மலேரியாவைப் பற்றியது அல்ல, லத்தீன் அமெரிக்காவில் பூச்சி மூலமும் ரத்தம் ஏற்றும்போதும் பரவும் சாகாஸ் நோயைப் பற்றியது. தானம் செய்த ரத்தத்தில் ஜென்ஷன் வயலட் சாயத்தைக் கலந்தால் அந்த நோயின் கிருமி செத்துவிடும் என்று காட்டினார்கள். அப்புறம் பாரிஸ், அப்புறம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பு ஆய்வு. 1964-ல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஊரோடு போய்விடும் எண்ணம் போயிற்று, நியூயார்க்கே நிலையாயிற்று. அதாவது, முப்பது வயது தாண்டியும் இவர் மலேரியாக்காரர் அல்ல.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மெயர் யோயேலி, ஜெரோம் வாண்டர்பெர்க் என்று இருவர் எலி மலேரியா ஒட்டுண்ணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். காங்கோவின் காட்டெலிகளில் கிடைத்த ஒட்டுண்ணி அது. கொசுவுக்குள் சரியாக வளராமல் படுத்தியது. கொசுக் கூண்டைச் சுமார் 21 டிகிரி குளிர்ச்சியில் வைத்தால் வளர்கிறது என்று 1966-ல் அவர்கள் வெளியிட்டார்கள். கேட்க அற்பமான தகவல். ஆனால் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் ஸ்போரோசோயிட்டுகள், அதாவது கடிக்கும்போது நமக்குள் இறங்கும் நிலை, ஆய்வுக்குத் தேவையான அளவு கிடைத்தது அதனால்தான்.

நோயெதிர்ப்பு தெரிந்த ரூத்தும், கொசு வளர்க்கத் தெரிந்த இவர்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1967-ல் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி முடமாக்கிய ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்கு ஊசி போட்டார்கள். முடமானவை ஈரல்வரை போகும், அங்கிருந்து ரத்தத்துக்கு வராது. பிறகு நல்ல ஸ்போரோசோயிட்டுகளைச் செலுத்தியபோது பெரும்பாலான எலிகள் தப்பின. மலேரியாவுக்குத் தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கையே அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. (நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பால் ரசலும் மோகனும் 1940-களின் தொடக்கத்திலேயே கோழிகளில், புற ஊதாக் கதிரைக்கொண்டு இதன் முன்னோட்டத்தைச் செய்திருந்தார்கள். இங்கே யாரும் அதைப் பேசுவதில்லை.)

உடனே தடுப்பூசி வந்துவிடவில்லை. 1970-களில் மனிதரிடம் சோதித்தபோது, கதிர் பாய்ச்சிய கொசுக்களிடம் ஆயிரத்துக்கும் மேல் கடி வாங்க வேண்டியிருந்தது. ஊருக்கே அப்படிப் போட முடியுமா? சரி, ஒட்டுண்ணியின் எந்தப் பகுதியை உடல் அடையாளம் காண்கிறது என்று ரூத்தும் விக்டரும் தேடினார்கள். 1980 வாக்கில் அதன் மேலுறைப் புரதம் பிடிபட்டது. மனித ஒட்டுண்ணியில் அதற்கான மரபணு 1984-ல் கிடைத்தது. அந்தப் புரதத்தின் ஒரு துண்டை வைத்து, பல கைகள் மாறி, ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி உருவானது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது 2021-ல். ரூத் 2018-லேயே இறந்துவிட்டார். ஆய்வுச் சோதனைகளுக்கு வெளியே, மலாவியில் குழந்தைகளுக்கு முதன்முதலாகப் போடத் தொடங்கியதே அதற்கடுத்த வருடம்தான். அதுவும் கடும் மலேரியாவை ஏறக்குறைய 30 சதவீதமே குறைக்கிறது. அதே புரதத்தை வைத்துச் செய்த அடுத்த தடுப்பூசியான ஆர்21 இப்போது புனேயில் தயாராகிறது.

இதைக் கையில் ஒன்றும் இல்லாமல் போன வாழ்க்கை என்பீர்களா? தடுப்பூசி ஒன்றையே கணக்கில் வைத்தால் ஏறக்குறைய அப்படித்தான். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. 1967, 1980 இரண்டுமே தன்னளவில் முழு விடைகள். அந்தந்த வருடமே துறைக்காரர்கள் அவற்றை வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்கள்.

அதனால் மலேரியாவா புற்றுநோயா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். ஆய்வகத்தைப் பாருங்கள். அங்கே சொந்தமாகக் கொசு வளர்க்கிறார்களா? ரத்த நிலை ஒட்டுண்ணியை 1976-லிருந்து குடுவையிலேயே வளர்க்கலாம், ஸ்போரோசோயிட் வேண்டுமென்றால் பொதுவாகக் கொசு வேண்டும், கொசுவுக்குத் தீபாவளி லீவு கிடையாது. பக்கத்து அறையில் இருப்பவர்கள் வேறு என்ன வேலை தெரிந்தவர்கள்? கடைசியாகப் பட்டம் வாங்கிய மாணவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று, உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா? இவற்றை வழிகாட்டியிடம் கேட்காதீர்கள், மூன்றாம் வருட மாணவர் யாரையாவது டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். புற்றுநோய் ஆய்வகத்துக்குப் போவதென்றாலும், கொசுவை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேளுங்கள்.