எந்தக் களைப்புக்கு எந்த ஓய்வு? வார விடுமுறை பற்றிய கேள்வி பதில்

இயன்முறை மருத்துவராகத் திங்கட்கிழமை காலையில் நான் பார்க்கும் வலிகள் பலவும் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவை. வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எதனால் களைப்பு?

கேள்வி: மென்பொருள் ஊழியர் நான். வேலை நாளில் ஏழு மணிக்கு எழுகிறேன். சனி, ஞாயிறு பதினொரு மணி வரை தூங்கியும் திங்கட்கிழமை தலை பாரமாகவே இருக்கிறது. ஏன் டாக்டர்?

பதில்: மூளைக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. நீங்கள் இரண்டு நாள் அதை நான்கு மணி நேரம் தள்ளிவைக்கிறீர்கள். சென்னையிலேயே இருந்துகொண்டு ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியது போன்ற நிலை அது. ஞாயிறு இரவு தூக்கம் வராமல் புரள்வதும் அதனால்தான். இதை ஆய்வாளர்கள் ‘சமூக ஜெட்லாக்’ என்கிறார்கள். விடுமுறையிலும் எட்டு மணிக்குள் எழுந்துவிடுங்கள். தூக்கக் கடனை வெள்ளி இரவு சீக்கிரம் படுத்தும், மதியம் அரை மணி கண்ணயர்ந்தும் அடைக்கலாம். மாலை காபியை விட்டுவிடுங்கள். நாளெல்லாம் உட்கார்ந்தே வந்த களைப்பு இது; மேலும் படுப்பதைவிட ஒரு மணி நேர நடை இதை நன்றாகப் போக்கும்.

கேள்வி: வயது 44, மதுரை. வாரம் முழுக்க நாற்காலி வேலை. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கிரிக்கெட். இந்த ஆண்டு இரண்டு முறை பின்தொடைத் தசை பிடித்துவிட்டது. ஒரு நாள் மட்டும் விளையாடுவதில் பயன் உண்டா, விட்டுவிடவா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதை ஒன்றிரண்டு நாட்களில் முடிப்பவர்களுக்குப் பயன் கிடைக்குமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. பிரிட்டனில் மணிக்கட்டில் கருவி அணிந்த ஏறத்தாழ 90,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத அபாயம் வாரம் முழுக்கப் பிரித்துச் செய்தவர்களைப் போலவே குறைந்திருந்தது. இதயத்துக்கு உங்கள் ஞாயிறு நல்லது.

தசையின் கணக்கு வேறு. ஐந்து நாள் மடங்கியே கிடந்த பின்தொடை, இரண்டாவது ரன்னுக்குப் பாயும்போது நீண்டபடியே முழு விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. கிழிவது அந்தக் கணத்தில்தான். ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். ஆகவே வலியின்றி முழு வேகத்தில் ஓட முடியும்வரை ஆட்டத்துக்கு இறங்காதீர்கள், நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும். பிறகு ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம்: நடை, மெல்லோட்டம், அரை வேகம், முக்கால் வேகம். வாரத்தில் இரண்டு நாள் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்தி இறக்குங்கள். பழகியபின் ஒற்றைக்காலில் செய்யலாம். வெயில் ஏறுமுன் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு அழுத்தினால் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன். ஞாயிறு வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை, எனக்கு மட்டும் இரட்டை வேலை. கறிக்குழம்பு, வாரத்துத் துணி, இட்லி மாவு என்று பொழுது போய்விடுகிறது. நான் எப்போது ஓய்வெடுப்பது?

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியை உங்கள் வீட்டார்தான் படிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமின்றிச் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். உங்களுக்கு யோகாசனம் சொல்லித் தந்து அனுப்பினால் நான் பொய் சொன்னவளாவேன். இளைப்பாறலை ஆராய்ந்தவர்கள் அதற்கு நான்கு கூறுகள் சொல்கிறார்கள்: வேலை நினைப்பிலிருந்து விலகல், உடலும் மனமும் தளர்தல், புதிதாக ஒன்றைக் கற்றல், தன் நேரம் தன் கையில் இருத்தல். உங்களிடம் நான்காவதே இல்லை. அதனால் மற்ற மூன்றும் கிடைப்பதில்லை. ஞாயிறு மதியச் சமையலையும் துணியையும் முழுப் பொறுப்பாகக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் ஒப்படையுங்கள். ‘உதவி’ என்று கேட்காதீர்கள். கேட்டால் மேற்பார்வை உங்கள் தலையில் விழும். குழம்பில் உப்புக் கூடினாலும் எழுந்து போகாதீர்கள். அப்படிக் கிடைக்கும் நேரத்தில் தூங்குவதா, தோழியைப் பார்க்கப் போவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடை விற்பனையாளர். செவ்வாய் மட்டும் விடுமுறை. பத்து மணி நேரம் நிற்கிறேன். அன்றும் நடைப்பயிற்சி செய்யச் சொல்கிறார்களே?

பதில்: உங்களுக்கு முதலில் படுக்கைதான். இதில் குற்ற உணர்வே வேண்டாம். காலைச் சுவரில் உயர்த்தி இருபது நிமிடம், காலையும் மாலையும் படுத்திருங்கள். இடுப்பையும் கெண்டைக்காலையும் மெதுவாக நீட்டிவிடுங்கள். காலில் ரத்தக் குழாய் புடைத்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்குச் சனி, ஞாயிறில் அபாகஸ், கராத்தே, கீபோர்டு, இந்தி. சோர்ந்தே இருக்கிறான். எதை நிறுத்துவது?

பதில்: அவனைக் கேளுங்கள். இரண்டை அவன் விடட்டும். அந்த நேரத்தில் வேறு வகுப்பில் சேர்க்காமல் தெருவில் விளையாட விடுங்கள்.