டிசம்பரில் பறந்து போய் உரம் போடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பிள்ளைகள் குடியேறிய ஊர்களின் புல்தரையைப் பற்றியவை. மீதி நம் சிங்கப்பூர்த் தரைவீட்டு வாசல் புல். இரண்டும் வேறு இனம். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் செய்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

இணையத்தில் ரைகிராஸ் விதை வாங்கித் தூவினேன். ஒரே வாரத்தில் முளைத்தது. ஒன்றரை மாதத்தில் மஞ்சளாகிச் சாய்கிறது. என்ன உரம் போடலாம்? (சிராங்கூன் கார்டன்ஸ்)

எதுவும் வேண்டாம். ரைகிராஸ் குளிர்பருவப் புல். பகலில் தயாரித்த உணவைக் குளிர்ந்த இரவில் மிச்சம் பிடித்து வேரில் சேர்ப்பது அதன் பிழைப்பு. நம் ஊரில் இரவிலும் 25 டிகிரி. சேர்த்ததையெல்லாம் அன்றிரவே செலவழித்துவிடும். யூரியா போட்டால் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும். நம் வெப்பம் தாங்கும் கவ் கிராஸோ மணிலா புல்லோ பதியுங்கள்.

பெர்த்தில் உள்ள எங்கள் வீட்டுப் புல்லுக்கு எவ்வளவு உரம், எப்போது போடுவது? (தெம்பனிஸ்)

என்ன புல், எத்தனை சதுர மீட்டர், உர மூட்டையில் சத்தின் அளவாக என்ன எண்? மூன்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. குனிந்து பாருங்கள். தரையோடு தடித்த தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டிருந்தால் அது கிக்குயு போன்ற வெப்பப்பருவப் புல்லாகத்தான் இருக்கும். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத் தொடக்கம் வரை உரம் கேட்கும். அடுத்த பதிலில் வரும் அட்டவணை அதற்குப் பொருந்தாது.

மெல்பர்னில் மகள் வீட்டில் சுமார் 100 சதுர மீட்டர் டால் ஃபெஸ்க்யூ. ஒவ்வொரு டிசம்பர் விடுமுறைக்கும் போய் நல்ல உரமாகப் போட்டுவிட்டு வருகிறோம். ஜனவரி முடிவதற்குள் வட்ட வட்டமாகக் காய்கிறது. உரம் போதவில்லையா? (அப்பர் தாம்சன்)

போதவில்லையா என்று கேட்கிறீர்கள். கூடாத மாதத்தில் போட்டதுதான் வினை. இதே கடிதம் வருடா வருடம் வேறு வேறு முகவரியிலிருந்து வருகிறது. விமான டிக்கெட் எடுத்த மாதத்தில் உரம் போடுகிறோமே தவிர, புல் கேட்கும் மாதத்தில் போடுவதில்லை. ஃபெஸ்க்யூவும் ரைகிராஸ் போலக் குளிர்பருவப் புல். டிசம்பர் அங்கே கோடை. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் ஃபெஸ்க்யூவின் உணவுத் தயாரிப்பு படுத்துவிடும். அந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜனை) கொட்டினால், வேரில் இருந்த சேமிப்பை உருவி இலை விடும். இலை பச்சையாக இருப்பதைப் பார்த்து நீங்கள் சந்தோஷமாக ஊர் திரும்புவீர்கள். வேர் மெலிந்த புல் 40 டிகிரி நாள் ஒன்று வந்தால் தாங்காது. சாறேறிய இலையில் பழுப்புத் திட்டு நோய்ப் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். நீங்கள் சொல்லும் வட்டங்கள் அதுவாக இருக்கலாம். அந்தப் பூஞ்சைக்கு இரவெல்லாம் ஈரமான இலைதான் வசதி. அதனால் மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, விடிகாலைக்கு மாற்றுங்கள்.

குளிர்பருவப் புல்லுக்கு முக்கியச் சாப்பாடு இலையுதிர் காலத்தில்தான். அப்போது இலை வளர்ச்சி தணிந்து, வேரும், அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தூர்களும் பெருகும். மெல்பர்னில் அது மார்ச் கடைசியிலிருந்து மே வரை. கணக்கு இது: மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து. மே மாதத்தில் இன்னொரு 4 கிராம். செப்டம்பரில் 3 கிராம், அதற்கு மேல் வேண்டாம்; வசந்தத்தில் புல் தானாகவே ஓடும், நீங்கள் விரட்ட வேண்டியதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒன்றுமில்லை. ஜூன் விடுமுறையிலும் வேண்டாம். குளிரில் புல் பாதித் தூக்கத்தில் இருக்கும், போட்டது மழையோடு மண்ணுக்குக் கீழே இறங்கிவிடும்.

நம் பள்ளிகளின் ஒரு வார விடுமுறைகள் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகின்றன, கவனித்தீர்களா? மார்ச் நடுப்பகுதி சற்று முந்திதான். வெயில் தணியாவிட்டால் மூட்டையை மகளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மெதுவாகக் கரையும் உரமாக வாங்குங்கள். மூட்டையில் தழைச்சத்து 24 சதவிகிதம் என்றால் 5 கிராமுக்குச் சுமார் 20 கிராம் உரம். உங்கள் தரைக்கு 2 கிலோ. மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள உரத்தை மண் பரிசோதனை கேட்டாலொழியத் தொடாதீர்கள், அதுவும் வேலியோரம் பேங்க்சியா, கிரெவிலியா போன்ற ஆஸ்திரேலியச் செடிகள் இருந்தால். அந்தச் செடிகளை மணிச்சத்து கொன்றுவிடும்.

இன்னொன்று: 'செப்டம்பர்தான் சிறந்த மாதம்' என்று அமெரிக்கக் காணொளியில் சொன்னால், அது அவர்களின் இலையுதிர் காலம். மெல்பர்னுக்கு ஆறு மாதம் தள்ளிப் படியுங்கள்.

சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி யூரியா சரியா? (பிடோக்)

யார் கை? ஒருவர் பிடியில் 40 கிராம், இன்னொருவர் பிடியில் 70. யூரியா என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிராம் போட்டாலே 5 கிராம் தழைச்சத்து சேர்ந்துவிடும். சின்னப் பிடியே கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சமையலறைத் தராசில் எடை போடுங்கள்.

உரம் போட்ட பத்தாம் நாள் புல்லில் வரி வரியாகக் கரும்பச்சையும் மஞ்சளும். நோயா? (செம்பவாங்)

நோயில்லை, கை கோணல். எடை போட்ட உரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கில், மறுபாதியைக் குறுக்குவாக்கில் தூவுங்கள். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டிய யூரியா இலையைக் கருக்கும். நனைக்காமல் விட்ட யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும். தள்ளுவண்டியில் தூவுபவர்கள் அதைப் புல்லின் மேல் நிறுத்தி நிரப்பாதீர்கள். சிமெண்டில் விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கள்.

நாய் சிறுநீர் கழித்த இடத்தில் நடுவில் கருகி, சுற்றிலும் செழிப்பாக இருக்கிறதே? (ஈசூன்)

அதுவும் அளவு மீறிய தழைச்சத்துதான். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஜிப்சம், தக்காளிச் சாறு எல்லாம் கதை.

இங்கிலாந்தின் லெஸ்டரில் தம்பி வீட்டுப் புல்லில் பாசி. உரம் கூட்டினால் போகுமா? (ஜூரோங்)

நிழல், ஈரம், இறுகிய மண், பசித்த புல்: இவைதான் பாசிக்கு வாசல். ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு பாசியைக் கறுக்கச் செய்யும். செத்ததை வாரி எடுங்கள். காரணம் அப்படியே இருந்தால் பாசி திரும்ப வரும். வசந்தத்தில் தழைச்சத்துள்ள உரம், செப்டம்பரில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடியது. அங்கே குளிரும் ஈரமும் கூடும் மாதங்களில் தழைச்சத்து கொடுத்தால் ஃபுசேரியம் திட்டு என்ற பூஞ்சை நோய் வரும். ஃபெரஸ் சல்ஃபேட் சிமெண்டில் விழுந்தால் துருக்கறை போகவே போகாது. கூட்டி அள்ளச் சொல்லுங்கள்.

கவ் கிராஸுக்கு டிசம்பரில் 15-15-15 உரம் (மூன்று சத்தும் 15 சதவிகிதம்) போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. (சிராங்கூன்)

மழைக்காலத்தில் போட்டால் அது உங்கள் புல்லுக்கு இல்லை, வடிகாலுக்கு. இத்தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்து மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீர். சதுர மீட்டருக்கு அந்த உரம் 15 முதல் 20 கிராம், வருடத்துக்கு மூன்று முறை போதும். பிப்ரவரி வறட்சி முடிந்து மழை திரும்பியதும் ஒன்று, பிறகு நான்கு மாத இடைவெளி, இடிமழை இருட்டிக்கொண்டு நிற்காத நாளில். மாமரத்தடியில் மஞ்சளாக இருப்பதற்கு நிழல்தான் காரணம், உரம் தீர்க்காது.

வெட்டிய புல்லை வாரிப் போட வேண்டுமா? (புக்கிட் தீமா)

வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். வருடத் தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலேயே திரும்பும். கட்டி கட்டியாக விழுந்தால் மட்டும் கலைத்துவிடுங்கள்.